பகல் செய்தியில் சொன்ன மழை

எங்கள் ஒழுங்கையில் என்னை றஹீமா என்று கூப்பிடுகிறவர்கள் குறைவு. "ரேடியோ ராத்தா" என்றால்தான் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ராத்தா என்றால் அக்கா. அந்தப் பெயரை வைத்தவள் அடுத்த வளவு ஸைனம்பு. அவளுக்கு நான் வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

பெயருக்குக் காரணம் இருக்கிறது. எழுபத்தெட்டாம் ஆண்டு கார்த்திகையில் கல்முனையைச் சூறாவளி அடித்துப் போட்டபோது எங்கள் வீட்டுக் கூரை மொத்தமாகப் போய்விட்டது. நானும் புருஷனும் மகளும் குசினிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கலிமாச் சொல்லிச் சொல்லி உயிர் தப்பினோம். காற்று வருகிறதென்று ரேடியோவில் சொன்னார்களாம். எங்கள் ரேடியோவில் பற்றரி தீர்ந்து போயிருந்தது. அதற்குப் பிறகு என் வீட்டில் சீனி முடியும், தேயிலை முடியும், பற்றரி மட்டும் முடியாது. செய்தி முடிந்து வானிலை அறிக்கை வாசிக்கும்போது யாராவது வாய் திறந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

வானிலை அறிக்கை எப்போதும் பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை கிழக்கில் பலத்த மழை என்றார்கள். நான் ஒழுங்கை முழுக்க ஓடித்திரிந்து, காயப்போட்டிருந்த அவித்த நெல்லையெல்லாம் அள்ள வைத்தேன். அன்று அடித்த வெயிலில் கிணற்று வாளி கூடச் சுட்டது. ஸைனம்பு எனக்குப் பெயர் வைத்தது அன்றுதான். என்ன செய்வது? கொழும்பிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கிழக்கு மாகாணம் எல்லாம் ஒரே முற்றம். திருகோணமலையில் பெய்தாலும் கிழக்கு, பொத்துவிலில் பெய்தாலும் கிழக்கு. நடுவில் கல்முனையில் நான் ஒருத்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன்.

சூறாவளிக்குப் பிறகு வந்த மூன்றாவது மாரியில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த வருஷம் என் மகள் சுபைறாவுக்கு மாப்பிள்ளை சரிவந்திருந்தது. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், தாய் தகப்பன் பின்னுக்குக் குசினிப் பக்கம் ஒதுங்கிக்கொள்வோம். கொடுக்க எங்களிடம் வீடு இருந்தது, வீட்டுக்குக் கூரைதான் இல்லை. பாதிக்கு ஓடு, மீதிக்குத் தென்னோலைக் கிடுகு. மாப்பிள்ளையின் உம்மா நல்ல மனுஷி, வாயால் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பெண் பார்க்க வந்த அன்று மகளைப் பார்த்த நேரத்தை விட முகட்டைப் பார்த்த நேரம்தான் அதிகம். அறுவடை முடியட்டும், நெல்லை விற்று ஓடு போடுவோம், பிறகு நாள் வைப்போம் என்று என் புருஷன் மீராமுகைதீன் வாக்குக் கொடுத்தார். கொடுத்த கையோடு, பழைய மரத்தைச் சரிபார்க்கிறேன் என்று கூரையில் ஏறி, வழுக்கி விழுந்து, இடுப்பை உடைத்துக்கொண்டு கட்டிலில் படுத்தார்.

அதனால் அந்தப் போகம் முழுவதும் வயல் வேலப்போடி அண்ணனின் கையில் இருந்தது. அவர் காரைதீவுக்காரர். எங்களுக்கு முல்லைக்காரர், அதாவது விதைப்பிலிருந்து சூடடிப்பு வரைக்கும் வயலைப் பொறுப்பெடுத்துப் பார்க்கிறவர். எங்கள் காணி கிட்டங்கிக்கு அந்தப் பக்கம். அதை ஒட்டினாற்போல அவருக்கும் சொந்தமாகச் சின்னத் துண்டு ஒன்று இருந்தது. என்னைத் "தங்கச்சி" என்பார். எங்களுக்கு இருப்பதோ கொஞ்சக் காணி, ஆனாலும் என் புருஷனைப் "போடியார்" என்பார். பெரிய காணிக்காரரைக் கூப்பிடுகிற பெயர் அது. என் புருஷனுக்கு அதில் கொள்ளைச் சந்தோஷம்.

மாசி பிறக்கும் முன்னரே கதிர் வெட்டி முடிந்தது. கதிரின் மேல் உழவு மெஷினை ஓட்டிச் சூடும் அடித்தாயிற்று. வைக்கோலை எடுத்துப் போட்டுவிட்டு, நெல்லும் பதரும் கலந்த குவியலைக் களத்தின் நடுவில் வைத்துக்கொண்டு எல்லாரும் காற்றுக்காகக் காத்திருந்தார்கள். தூற்றக் காற்று வேண்டும். அந்தக் கிழமை காற்று ஊரைவிட்டே போயிருந்தது.

அன்றைக்குப் பகல் செய்திக்குப் பிறகு வானிலை அறிக்கை வந்தது. வங்காள விரிகுடாவின் தென்மேற்கில் ஒரு தாழமுக்கம் உருவாகி மேற்கு நோக்கி நகர்கிறது, கிழக்கு மாகாணத்தில் பலத்த மழை பெய்யக்கூடும் என்றார்கள். இது நான் பல தடவை கேட்ட சங்கதி. அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னை எழுப்பியது. திருகோணமலை முதல் பொத்துவில் வரையான கடலில் யாரும் தொழிலுக்கு இறங்க வேண்டாம், போனவர்கள் கரைக்குத் திரும்புங்கள் என்றார்கள். மற்ற நாட்களில் அவதானமாக இருங்கள் என்பதோடு விட்டுவிடுவார்கள்.

நான் முற்றத்தில் இறங்கினேன். வானம் கழுவி வைத்த பீங்கான் போல இருந்தது. ஆனால் தென்னோலை ஒன்றும் ஆடவில்லை. எந்த நேரமும் கேட்கும் கடல் இரைச்சலும் கேட்கவில்லை. உடம்பெல்லாம் பிசுபிசுவென்று வேர்த்தது. சூறாவளிக்கு முதல் நாளும் இப்படித்தான் கிடந்தது என்று என் மனது சொன்னது.

"இஞ்ச பாருங்க, நம்மட நெல்லு இன்னும் களத்திலயா கெடக்கு?" என்று புருஷனிடம் கேட்டேன்.

"களத்திலதான். காத்து இல்லாம தூத்த ஏலாம இரிக்கி. ஏன்?"

"மழ வருதாம்."

"ஆரு செல்ற? உன்ட ரேடியோவா?"

"கடலுக்குப் போகாதீங்க எண்டு செல்றாங்க. பெரிசா வரப்போகுது."

"வெளியால பாருகா, என்ன வெயில் எறிக்கி. வேலப்போடிக்குத் தெரியாத வானமா? அவரு பாத்துக்குவாரு. நீ சோத்தப் போடு."

சோற்றைப் போட்டேன். போட்டுவிட்டு, வாப்பாவைப் பார்த்துக்கொள்ளும்படி சுபைறாவிடம் சொல்லி, சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டு, குடையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் ஸைனம்பு நின்றாள். கொளுத்துகிற வெயிலில் குடையை விரிக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகிற என்னைக் கண்டதும் அவளுக்குப் பெருநாள் வந்த மாதிரி.

"ரேடியோ ராத்தா, இண்டைக்கு எங்க பெய்யுதாம்?" என்றாள்.

"உன்ட தலையில" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கிட்டங்கி வரைக்கும் பஸ். அதற்குப் பிறகு வாய்க்கால் கட்டு வழியே நடை. நடக்க நடக்கத்தான் எனக்கு அடுத்த கவலை பிடித்தது. நெல் சூடடிக்கும் களத்தை எங்கள் பக்கம் களவெட்டி என்போம். பொம்பிளைகள் அதற்குள் கால் வைக்கக் கூடாது. ஆம்பிளைகளும் செருப்போடு ஏறமாட்டார்கள். சில சொற்களை அங்கே வாயில் எடுக்கவே மாட்டார்கள். குறைந்துவிட்டது, முடிந்துவிட்டது என்று சொல்லக் கூடாது. எல்லாவற்றையும் விட, நெல் களத்தில் கிடக்கும்போது மழை என்ற பேச்சே எடுக்கக் கூடாது. எடுத்தால் நெல்லின் பறக்கத்து, அதாவது அந்த நிறைவு, போய்விடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. தமிழாட்களும் அப்படித்தான், களத்தில் மார்க்கம் வேறு வேறாக இருந்தாலும் பயம் ஒன்றுதான். நான் போவதோ ஒரு பொம்பிளை, சொல்லப் போவதோ அந்த ஒரே சொல். குடையை வாய்க்கால் ஓரத்துச் செடிப் பற்றைக்குள் ஒளித்து வைத்தேன். அதைக் கண்டாலே வேலையாட்கள் பயந்துவிடுவார்கள்.

களத்தைச் சுற்றி வைக்கோலைத் திரித்து வட்டமாகப் போட்டிருந்தார்கள். அதற்கு வெளியே நின்று கூப்பிட்டேன். வேலப்போடி அண்ணன் எழும்பி வந்தார். ஒல்லியான மனிதர், தலையில் துவாய். வட்டத்துக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

"என்ன தங்கச்சி, போடியாருக்கு ஏதும் சுகமில்லையா?"

"அவருக்கு ஒண்டுமில்ல அண்ணன். ரேடியோவில செல்லிட்டாங்க. அது வருதாம்."

"எது?"

"அதுதான், அது." நான் கண்ணால் மேலே காட்டினேன்.

அவருக்கு விளங்கிவிட்டது. திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"காலையில வரம்பெல்லாம் பனியில நனைஞ்சு கிடந்தது. பனி இப்பிடி விழுந்தா அது வராது தங்கச்சி. பின்னேரம் காத்து வரும், தூத்திப்போடுவம். வெயிலுக்க நிக்காம வாடிக் குடிசைக்குப் போய் இருங்க, இளநி வெட்டித் தாறன்."

"கடலுக்குப் போன ஆக்களத் திரும்பி வரச் செல்றாங்க அண்ணன்."

"அது கடல். இது வயல்."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அவருக்குப் பின்னால் நின்ற ஒருவன் சிரித்ததை நான் கண்டுவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்துமா, கால் முந்துமா என்று எனக்கே தெரியாது. அன்று இரண்டும் சேர்ந்து முந்திவிட்டன. வைக்கோல் வட்டத்தைத் தாண்டி, காலில் செருப்போடு களத்துக்குள் போய் நின்றேன்.

"மழ வருது. நல்லாக் கேட்டுக்கங்க. மழ வருது. இந்த நெல்லு போனா என்ட மகளுக்கு ஊடு இல்ல, கலியாணம் இல்ல" என்று கத்தினேன்.

மழை, போனால், இல்லை. சொல்லக் கூடாத எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சிரித்தவன் சிரிப்பை விழுங்கினான். வயதான வேலையாள் ஒருவர் கையிலிருந்த கம்பைக் கீழே போட்டார். இனி இந்தக் களத்தில் பொலி நிற்காது, நான் வீட்டுக்குப் போகிறேன் என்று துவாயை உதறித் தோளில் போட்டார். மற்றவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்கள் கூலியை விட்டுவிட்டுப் போயிருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டேன்.

வேலப்போடி அண்ணன் என் செருப்பைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஆட்களைப் பார்த்துச் சொன்னார்.

"ஆரும் போக வேணாம். தங்கச்சிய வரச் சொன்னது நான்தான். ரேடியோவக் கேட்டு, ஏதும் சொன்னா ஓடி வந்து சொல்லுங்க எண்டு சொல்லி விட்டிருந்தன். பிழை எண்டா அது என்ட பிழை. சாக்க எடுங்க, எல்லாத்தையும் அள்ளிக் கட்டுவம்."

அவர் எனக்கு எதையும் சொல்லி விட்டிருக்கவில்லை. நான் வாய் திறந்து அதைச் சொல்லாமல் நின்றது, என் ஆயுளில் நான் செய்த பெரிய புத்திசாலித்தனங்களில் ஒன்று.

"செருப்பக் கழட்டிக்கொண்டு அங்கால போய் நில்லுங்க தங்கச்சி" என்றார் மெதுவாக. போய் நின்றேன். அவர் களத்தின் மூலையில் கற்பூரம் கொளுத்தினார். நான் வெளியே நின்று பாத்திஹா ஓதினேன். வயதானவர் திரும்பி வந்து கம்பை எடுத்தார்.

தூற்றாத நெல்லைப் பதரும் தூசுமாக மூட்டை கட்டினார்கள். அடுத்த வயலில் ஓடிக்கொண்டிருந்த மெஷினை இழுவைப் பெட்டியோடு மறித்துக் கொண்டுவந்தார்கள். மூட்டைகளை ஏற்றி, இறக்குவதற்கு வேலையாட்கள் எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். நானும் மூட்டையின் மேல் ஏறி இருந்தேன். வேலப்போடி அண்ணன் மட்டும் களத்தில் நின்றுகொண்டார்.

கிட்டங்கியைத் தாண்டும்போது காற்று வந்தது.

மழைக் காற்று இல்லை. அருமையான, சீரான, தூற்றுகிற காற்று. அதற்காகத்தான் எல்லாரும் அத்தனை நாள் காத்திருந்தார்கள். தூரத்துக் களங்களில் ஆட்கள் ஏறி நின்று நெல்லைப் பொழிவதும், பதர் மஞ்சளாகப் பறப்பதும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. மெஷின் ஓட்டி வந்தவன் திரும்பிப் பார்த்தான்.

"ராத்தா, காத்து வந்திட்டு" என்றான்.

"எனக்கும் தெரியுது. நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றேன்.

வீட்டுக்கு வந்து மூட்டைகளை இறக்க இடம் போதவில்லை. மண்டபம் நிறைந்தது, சுபைறாவின் அறையும் நிறைந்தது. வேலையாட்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஆற அமரக் குடித்துவிட்டுப் போனார்கள். என் புருஷன் கட்டிலில் படுத்தபடி மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். பேசாமல் கிடந்ததுதான் தாங்கவில்லை. நெல்லின் சுணை வீடெல்லாம் பறந்து எல்லாருக்கும் கடி. சுபைறா இரண்டு கையாலும் சொறிந்துகொண்டு, "உம்மா, மாப்புள வார நேரம் நான் இப்படித்தான் சொறிஞ்சிட்டு நிக்கப் போறன்" என்றாள். சிரிக்கவா அழவா என்று எனக்குத் தெரியவில்லை.

விடிந்தது. வெயில் பளிச்சென்று அடித்தது, நேற்று வந்த காற்று நின்றுபோயிருந்தது. ஸைனம்பு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, நனையாமல் இருக்கத் தன்னிடம் ஒரு குடை இருக்கிறது, தரவா என்று கேட்டாள். வயல் பக்கமிருந்து வந்த மெஷின்காரன் இன்னொரு செய்தியும் சொன்னான். அங்கே எல்லாக் களத்திலும் வேலப்போடி அண்ணனைத்தான் பகிடி பண்ணுகிறார்களாம். தலை நரைத்த ஆள், பொம்பிளையின் பேச்சைக் கேட்டு நல்ல காற்றைத் தவறவிட்டார் என்று. அந்த மனிதர் ஒன்றும் திருப்பிச் சொல்லவில்லையாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும், பழகிப்போன சங்கதி. அவரைப் பார்த்து ஊர் சிரிக்க வைத்துவிட்டேனே என்றுதான் இருந்தது.

நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டுத் தொழுகைப் பாயைச் சுருட்டும்போது கடல் கேட்டது. முதலில் லேசாக, பிறகு பெரிதாக. வெளியே வந்தேன். தென்னோலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. காற்று வாடையாகத் திரும்பிவிட்டது, குளிர்ந்தும் இருந்தது. கிழக்கே கடலுக்கு மேல் கறுப்பாக ஒரு மேகம் எழும்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊருக்கு மேல் வந்து மூடியது. முற்றம் நிறைய ஸைனம்புவின் நெல் காய்ந்துகொண்டிருந்தது. நான் வேலியைத் தாண்டி ஓடி அவளோடு சேர்ந்து அள்ளினேன். கடைசிச் சுளகை எடுக்கும்போது கொட்டத் தொடங்கியது.

அது சும்மா மழை இல்லை. பகலும் இரவும் விடாமல் பெய்தது. ரேடியோவில் வெள்ளம் என்றார்கள், கிட்டங்கிப் பாதை தண்ணீருக்குள் போய்விட்டது என்றார்கள், பஸ் நின்றுவிட்டது. வீட்டுக்குள் கிடுகுப் பக்கம் எல்லாம் ஒழுகியது. சட்டி பானைகளை எல்லாம் ஒழுக்குக்கு வைத்துவிட்டு, நெல் மூட்டைகளை ஓட்டுக்குக் கீழே நகர்த்தினோம். நான் அந்த மூட்டைகளுக்கு நடுவிலேயே ஸுஜூதில் விழுந்தேன். சுணை நெற்றியில் குத்தியது. யா அல்லாஹ், உனக்கே எல்லாப் புகழும் என்று அழுதேன். என் புருஷன் கட்டிலிலிருந்து ஒரே ஒரு வார்த்தை பேசினார்.

"ரேடியோவக் கொஞ்சம் கூட்டி வை" என்றார்.

இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் என்னிடம் கேட்ட மன்னிப்பு அதுதான். நான் கூட்டி வைத்தேன்.

மழை விட்டு வெறித்தபோது ஒழுங்கையில் என் மதிப்பு எங்கேயோ உயரப் போயிருந்தது. ஸைனம்பு வீடு வீடாகப் போய், "எங்கட ராத்தா முதல் நாளே செல்லிட்டா" என்றாள். ஏதோ தனக்கு மட்டும் காதில் சொன்ன மாதிரி. நான் தடுக்கவில்லை. ஆனால் என் மனது முழுக்க வேலப்போடி அண்ணனிடம் இருந்தது. என் புருஷன் நம்பவில்லை, ஊர் நம்பவில்லை, அந்த மனிதர் ஒருவர்தான் என் சொல்லை நம்பினார். இதை அவர் முகத்துக்கு நேரே சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. தண்ணீர் வடிந்து பாதை திறந்த அன்றே வட்டிலப்பம் அவித்துத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு போனேன்.

வயல் வெளி பார்க்கச் சகிக்கவில்லை. தூற்றி முடித்தவர்களில் சிலர் அன்றே ஏற்றித் தப்பியிருந்தார்கள், மற்றவர்களின் களத்தில் நெல் கறுத்துக் கிடந்தது. வேலப்போடி அண்ணன் எங்கள் வாடியில்தான் இருந்தார். சட்டியைக் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிச் சாப்பிட்டார். போடியாரின் இடுப்பைப் பற்றி விசாரித்தார். நெல் நனையாமல் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

"உங்களாலதான் அண்ணன். இந்த உலகத்தில என்ட சொல்ல நம்பின ஒரே ஆள் நீங்கதான்" என்றேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஆரு நம்பின?" என்று கேட்டார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"நான் நம்பேல்ல தங்கச்சி. நம்பியிருந்தா என்ட நெல்லையும் அள்ளியிருப்பனே."

அவர் தலையால் காட்டிய பக்கம் அப்போதுதான் பார்த்தேன். எங்கள் களத்துக்கு அப்பால் அவருடைய சின்னக் களம். அதன் நடுவில் ஒரு குவியல். அது முழுக்கப் பச்சைப் பசேலென்று முளைத்திருந்தது. ஒரு போகத்தின் நெல் அப்படியே.

அன்று பின்னேரம் அந்த நல்ல காற்று வந்தபோது அவருடைய ஆட்கள் எல்லாரும் எங்கே இருந்தார்கள் என்று யோசித்தேன். என் வீட்டு வாசலில் குந்தித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் ஊற்றிக் கொடுத்தேன்.

"நம்பல்ல எண்டா ஏன் அண்ணன் எங்கட நெல்ல ஏத்தினீங்க? ஏன் அந்தப் பொய்யச் சொன்னீங்க?"

அவர் கையைத் துவாயில் துடைத்தார். பெரிய காரணம் ஒன்றைத் தேடுகிற முகமில்லை.

"போடியார் படுக்கையில. நீங்க வெயிலுக்க அவ்வளவு தூரம் நடந்து வந்து, மகள்ட கலியாணம் எண்டு அழுகிற மாதிரி நிக்கிறீங்க. மழை வராட்டி எனக்கு என்ன நட்டம்? நாலு பேர் சிரிப்பானுகள். அவ்வளவுதானே. உங்களத் திருப்பி அனுப்பிப்போட்டு எனக்குச் சோறு இறங்குமா?"

நான் அந்த வாடியில் குந்தி வாய்விட்டு அழுதேன். அவர் பயந்து போய், வட்டிலப்பம் நன்றாக இருக்கிறது என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். எங்கள் மூட்டையில் பாதி உங்களுடையது என்றேன். வேண்டாம் என்றார். வானத்தைப் பார்த்த என் கண்தான் பிழைவிட்டது, அதற்கு நீங்கள் ஏன் தண்டம் கட்டவேண்டும் என்றார். எனக்கு மறுபடி கோபம் வந்துவிட்டது. எடுக்காவிட்டால் அத்தனை மூட்டையையும் மெஷினில் கொண்டுவந்து இந்த வாய்க்காலில் கொட்டுவேன், ஓடு இல்லாவிட்டால் என் மகள் கிடுகுக்குக் கீழே குடும்பம் நடத்தட்டும் என்றேன். நான் செய்யக் கூடியவள் என்று அவருக்கு இப்போது தெரியும். விதைக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் போதுமானதை மட்டும் எடுக்கிறேன் என்று சம்மதித்தார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் புருஷனிடம் சொன்னேன். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார். விழுந்த நாளிலிருந்து வாசல்படி இறங்காத மனிதர்.

"நாளைக்கு நெல்லுக் கொண்டுபோற நேரம் என்னையும் மெஷினில ஏத்து" என்றார்.

"இடுப்பு?"

"ஏத்துகா."

ஏற்றினோம். பாதை முழுக்கக் குண்டும் குழியும். ஒவ்வொரு குழிக்கும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். அங்கே போனதும் வேலப்போடி அண்ணன் ஓடி வந்தார்.

"என்ன போடியார் இது, இந்த இடுப்போட ஏன் வந்தீங்க? ஆள விட்டுச் சொல்லியிருக்கலாமே."

"இத ஆள் விட்டுச் செல்ல ஏலா" என்றார் என் புருஷன். பிறகு இறங்க முடியாமல், மெஷின் பெட்டியிலிருந்தபடியே இரண்டு கையையும் நீட்டி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். சொல்ல வந்ததை அவரால் சொல்ல முடியவில்லை. என் வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.